கை எடுத்தால் நின்றுவிடும் மோட்டார்

“வெங்காயம் அரைக் கிலோ, நானா” என்று ஆக்சிலேட்டரில் ஒரு முறுக்கு. “சின்னதா பாத்துப் போடுங்க, போன தடவ பாதி அழுகலு” என்று இன்னொரு முறுக்கு. காதர் மைதீன் நானாவின் மளிகைக் கடை வாசலில், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே டோரின் சாமான் வாங்கிக்கொண்டிருந்தாள். இடது கை பையை நீட்டியது, மிச்சக் காசை வாங்கியது, நெற்றி வேர்வையை வழித்துப் போட்டது. வலது கை மட்டும் ஆக்சிலேட்டரை விட்டு அசையவில்லை. விட்டால் இஞ்சின் இரண்டு இருமல் இருமி நின்றுபோகும். நின்றால் உதைக்க வேண்டும். எத்தனை உதை என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

“அணைச்சிட்டு எறங்கி வாம்மா, காது போவுது” என்றார் நானா.

“அணைச்சிடலாம். அப்புறம் நீங்க வந்து ஒதைச்சிக் குடுப்பீங்களா?”

நானாவுக்கு முட்டி வலி. வெங்காயத்தை நிறுத்தார். அவரும் மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்விட்டார்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒரே ஒரு லயத்தில், கோடி வீடு டோரினுடையது. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. ரப்பர் என்று பார்த்தால் ஆற்றோரம் ஒரு மலாய்க்காரருக்குச் சொந்தமான நாலு ஏக்கர்தான். அதில் பால் வெட்டுவது இவள். ஐம்பத்து நாலு வயது. ஆள் குள்ளம், நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். காலை ஐந்தரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரையில் இறங்கினால், பத்து மணிக்கெல்லாம் பாலை எடுத்து ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துவிடுவாள். களைப்பு என்று உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே தூங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், கோயிலில் பிரசங்கத்தின்போது.

மோட்டார் அவள் கல்யாணத்துக்கு வாங்கியது. கப்சாய் என்கிற சின்ன வண்டிதான், எழுபது சிசி. ஒரு காலத்தில் நீலம் என்று சொல்கிறாள், நாம் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். கிளட்ச் பிடிக்க வேண்டாத வண்டி என்பதால் இடது கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கை இல்லாவிட்டால் டோரினின் குடும்பம் எப்போதோ நின்றுபோயிருக்கும். ஏனென்றால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பின்னால் உட்கார்ந்து வரும் சந்தியாகுவைப் பிடித்துக்கொள்வது அந்தக் கைதான்.

சந்தியாகு அவள் புருஷன். அறுபத்தொரு வயது. செம்பனைக் குலை வெட்டியவர், அந்தக் காலத்தில் ஒரு குலையை ஒற்றைக் கையால் லாரியில் ஏற்றுவாராம். சீனி வியாதி வந்தது, அது இரண்டு சிறுநீரகத்தையும் தின்றது. இப்போது வாரம் மூன்று நாள் போர்ட்டிக்சன் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து ரத்தம் கழுவிக்கொள்ள வேண்டும். நிலையத்து வேன் தோட்டத்துக்குள் வராது. போனில் கூப்பிட்டால் வரும் வாடகைக் காரோட்டிகள், வரைபடத்தில் செம்மண் சாலையைக் கண்டதும் வேறு சவாரி பார்த்துக்கொள்வார்கள். ஆக, மோட்டார்தான். போகும்போது ஒருவிதமாக வந்துவிடுவார். திரும்பும்போது பிழிந்துபோட்ட துணியாக இருப்பார். டோரினின் முதுகில் தலையைச் சாய்த்து, இரண்டு கையையும் அவள் வயிற்றைச் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த இரண்டு கையையும் தன் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு லுக்குட் சாலையில் லாரிகளுக்கு நடுவே வருவாள்.

இவளிடம் ஒரு குணம் உண்டு. தப்பு தன்மேல் என்று செத்தாலும் சொல்ல மாட்டாள். குழம்பில் உப்புக் கூடினால் “உப்புக் கம்பெனி மாறிப்போச்சு” என்பாள். பூசைக்குத் தாமதமாக வந்தால் “சாமியாரு இன்னக்கி சீக்கிரமே ஆரம்பிச்சிட்டாரு.” சோறு அடிப்பிடித்தால் அடுப்பின் மேல் பழி. முப்பது வருஷ சம்சாரத்தில் சந்தியாகு இதையெல்லாம் கேட்டுச் சிரித்துப் பழகியவர். “எங்க வீட்டுல தப்பெல்லாம் வெளியில இருந்து வரும், நாங்க பாத்து உள்ள உடுவோம்” என்று லயத்து ஆட்களிடம் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அது அவளுடையது மட்டுமல்ல, பால் வெட்டுகிற எல்லோருடையதும். எது ஓட்டையானாலும் பால் வைத்து அடைப்பது. பூட்ஸ் விரிந்தால் மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து ஒரு விரல் ரப்பர்ப் பாலைத் தொட்டுத் தடவி வெயிலில் வைத்தால் மறுநாள் மழைக்குத் தாங்கும். வாளியின் அடி, குடையின் கிழிசல், தகரக் கூரையில் ஆணி போன இடம் எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். “பாலு வச்சா போதும்லா” என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாய்கள் யோசிக்காமல் சொல்லும் வார்த்தை. மருந்துக் கடைக்குப் போகிற தூரமும் பட்டறைக்குப் போகிற தூரமும் அதிகம். மரம் பக்கத்திலேயே இருக்கிறது.

மோட்டாருக்கு வருவோம். கையை எடுத்த பிறகும் இஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருப்பதைப் பட்டறைக்காரர்கள் ஸ்லோ என்பார்கள். இந்த மோட்டாரில் ஸ்லோ நிற்கவில்லை. நோயும் ஒரு தினுசான நோய். காலையில் வீட்டு வாசலில் உதைத்தால் பூனைக்குட்டி மாதிரி ஓடும். கையை எடுத்தாலும் நிற்காது. கால் மணி நேரம் ஓட்டி இஞ்சின் சூடேறியதும் குணம் மாறிவிடும். குலுக்கும், இருமும், கொஞ்சம் கையைத் தளர்த்தினால் பட்டென்று நின்றுவிடும். பெட்ரோல் சரியில்லை என்று வேறு நிலையத்துக்கு மாற்றிப் பார்த்தாள். மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று டாங்கியைக் காலி செய்து பார்த்தாள். பக்கத்து வீட்டு மயிலம்மாள், கண்ணு பட்டிருக்கிறது என்று சொல்லிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். டோரின் கத்தோலிக்கப் பெண், ஆனாலும் பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டு, ஹேண்டிலில் ஜெபமாலையையும் மாட்டிக்கொண்டாள். எந்தச் சாமி காது கொடுத்தாலும் சரி என்ற நிலைமை.

பக்கத்து ஊரான சுவாவில் தர்மேந்திரன் பட்டறை வைத்திருக்கிறான். நாற்பது வயது இருக்கும், பொறுமைசாலி, வேலை சுத்தம். அவனிடம் மூன்று தடவை போய்விட்டாள். முதல் தடவை பிளக்கை மாற்றினான். இரண்டாவது தடவை கார்ப்ரேட்டரைக் கழற்றி, தலைமுடி நுழையாத ஓட்டைகளையெல்லாம் காற்றடித்துச் சுத்தம் பண்ணினான். மூன்றாவது தடவை வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்தான். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் உதைத்துக் காட்டுவான். இஞ்சின் தாலாட்டுப் பாடும். “பாத்தீங்களா அக்கா” என்பான். கும்பிட்டுவிட்டுக் கிளம்புவாள். கால் மணி நேரம் கழித்து, முச்சந்தியில், மறுபடியும் இருமல்.

தர்மேந்திரனிடமும் ஒரு பழக்கம் இருந்தது. சூட்டு இஞ்சினில் கை வைக்க மாட்டான். ஒரு தடவை புகைக்குழாயில் முழங்கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து, வருகிற வண்டியை ஒரு மணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுத்தான் திருகாணியைத் தொடுவான். தப்பில்லை, நல்ல பழக்கம்தான். ஆனால் ஆறினால் இந்த மோட்டார் நல்ல பிள்ளையாகிவிடுகிறதே. காய்ச்சல் விட்ட பிறகு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுகிற கதையாக மூன்று மாதம் ஓடியது.

அந்த மூன்று மாதத்தில் டோரினின் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. காலையில் உளி பிடித்து மரம் சீவும் கையும் அதுதான், மத்தியானம் முறுக்கிப் பிடிக்கும் கையும் அதுதான். சோற்றைப் பிசையும்போது விரல் மடங்காமல் முகத்தைச் சுளிப்பாள். “என்ன” என்று சந்தியாகு கேட்டால் “காரம்” என்பாள்.

அந்த வியாழக்கிழமை திரும்பும்போது மணி நாலு. லுக்குட் டிராபிக் லைட்டில் சிவப்பு. அங்கே சாலை கொஞ்சம் மேடு. இடது கை அவர் கைகளை அழுத்தியிருக்க, வலது கை முறுக்கிக்கொண்டிருக்க, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். வீங்கிய மணிக்கட்டு ஒரு நொடி தளர்ந்திருக்கும். இஞ்சின் நின்றுவிட்டது. விளக்கும் அந்த நேரம் பார்த்துப் பச்சையானது. பின்னால் மணல் லாரி, அதன் ஹாரனைக் கேட்டால் செத்தவர் எழுந்து உட்காருவார். உதைக்க வேண்டுமென்றால் வண்டியை இடப்பக்கம் சாய்த்து வலது காலைத் தூக்க வேண்டும். சாய்ந்த வண்டியைத் தாங்க இடது கையும் ஹேண்டிலுக்குப் போக வேண்டும். போயிற்று. முதுகிலிருந்த பாரம் நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. திரும்புவதற்குள் சந்தியாகு தாரில் கிடந்தார்.

நல்லவேளை, மெஷினுக்காக ஊசி குத்துகிற இடது கை மேலே இருந்தது. அந்தக் கையில் அடிபட்டிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். வலது முழங்கை மட்டும் தோல் உரிந்தது. லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து தூக்கிவிட்டார். நாலு பேர் கூடினார்கள். பயந்துபோயிருந்த டோரினின் வாயிலிருந்து வந்தது இதுதான்: “புடிச்சிக்கக்கூடத் தெரியாதா ஒங்களுக்கு? கையில என்ன, உசுரா இல்ல?”

நாலு பேர் முன்னால் சொன்னாள். சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார். வீடு வந்து சேரும்வரை அவர் அவள் முதுகில் சாயவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பால் ஊற்றிவிட்டு வந்தவளிடம் அமைதியாகச் சொன்னார்.

“நாளைக்கி நான் வரல, டோரி.”

“என்னா வரல?”

“இனிமே வரல. ஆக்சிலேட்டருக்கு ஒரு கை, மோட்டாரத் தாங்க ஒரு கை, எனக்கு ஒரு கை. மூனாவது கைக்கி நீ எங்க போவ?”

கோபமாகச் சொல்லியிருந்தால் டோரின் சண்டை போட்டிருப்பாள். கணக்குப் பார்த்து முடித்தவர் மாதிரிச் சொன்னார். போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்த லயத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கீழ்க்கோடி சன்னாசியும் இதே வியாதிக்காரர்தான். மழை, உடம்பு முடியவில்லை என்று இரண்டு தடவை போகாமல் இருந்தார். மூன்றாவது தடவைக்கு அவர் இல்லை. நெஞ்செல்லாம் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள்.

டோரின் வெளியே வந்து மோட்டாரை உதைத்தாள். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. நேரே சுவா.

பட்டறை வாசலில் போய் நின்றபோது மோட்டார் கொதித்துக்கொண்டிருந்தது. தர்மேந்திரன் வழக்கம்போல ஓரத்தைக் காட்டினான்.

“அங்க நிறுத்துங்க அக்கா. ஆறட்டும், ஒரு தே குடிச்சிட்டு வாங்க.”

“நான் அணைக்க மாட்டேன்.”

“சூடா இருக்குலா அக்கா.”

“சூடாத்தான் இருக்கும். சூட்டுலதான் அதுக்கு நோவு வருது. நீ ஆறப்போட்டுப் பாத்தா அது ஒங்கிட்ட நல்லவ வேசம் போடுது. மூனு மாசம் போட்டுச்சு. நேத்து என் புருசன ரோட்டுல போட்டுடிச்சி. இப்பிடியே பாரு, இல்லாட்டி நான் ராத்திரி வரைக்கும் இங்கயே முறுக்கிக்கிட்டு நிப்பேன்.”

வாசலில் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு” என்றும் சேர்த்துச் சொன்னாள். அது அநியாயம். தர்மேந்திரனின் முகம் வாடியது. ஆனால் பாவம், நல்லவன். அந்த அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு வந்து குத்தவைத்து உட்கார்ந்தான்.

முன்பக்கத்துப் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினான். உள்ளே தூசியும் எண்ணெயும் அப்பிக் கறுத்துக் கிடந்தது. இஞ்சின் குலுங்கக் குலுங்கக் காதைச் சாய்த்துக் கேட்டான். அப்புறம் குடிக்கிற தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கார்ப்ரேட்டர் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தான். ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் தள்ளி, கார்ப்ரேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் வளைந்த குழாய், இஞ்சினில் போய் உட்காரும் மூட்டில் விட்டான். சட்டென்று குலுக்கல் நின்றது. இஞ்சின் இரண்டு மூச்சு சீராக விட்டது. தண்ணீர் காய்ந்ததும் மறுபடி இருமல். மறுபடி தண்ணீர், மறுபடி சீர்.

“காத்து இழுக்குது அக்கா” என்றான். “கார்ப்ரேட்டர் எவ்வளவு சரியா கலந்து குடுத்தாலும், இந்த மூட்டு வழியா வெளிக்காத்து உள்ள பூந்துக்குது. ஆக்சிலேட்டர் முறுக்குனா பெட்ரோல் நெறைய வரும், அதனால தெரியாது. கைய விட்டா பெட்ரோல் கொஞ்சம், காத்து அதிகம். செத்துடுது.”

“அப்ப ஆறுனா ஏன் நல்லா ஓடுது?”

“அதான் எனக்கும் புரியல.”

இப்போது அவனே அணைத்தான். மூட்டைச் சுற்றியிருந்த கறுப்பைத் திருப்புளி முனையால் சுரண்டினான். அழுக்கென்றால் உதிர வேண்டும். இது உதிரவில்லை. இழுத்தான். கறுப்பு நூலாக, பிசுபிசுவென்று நீண்டது. இன்னும் இழுத்தான், இன்னும் நீண்டது. உள்பக்கம் தேன்பாகு மாதிரி கரைந்து ஒழுகியிருந்தது. விரலில் உருட்டி மோந்து பார்த்தான். பால் வெட்டுக்காரியின் மகன் அவன், மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா.

“பாலு” என்றான்.

டோரினுக்கு ஞாபகம் வந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். நிரையில் நிறுத்தியிருந்த மோட்டாரைக் கிளப்பியபோது அந்த இடத்தில் ஸ்ஸ் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தாள், மூட்டில் ஈரம். அன்றைக்கு அவரைக் கூட்டிப் போக வேண்டிய நாள், சுவாவுக்குப் போய் வர நேரமில்லை. பக்கத்து மரத்து மங்கில் விரலை விட்டாள், தடவினாள். காய்ந்ததும் சத்தம் நின்றுவிட்டது. அத்தோடு மறந்துபோனாள். வாளிக்கு வைத்ததை ஞாபகம் வைத்திருக்கிறோமா, பூட்ஸுக்கு வைத்ததை யாரிடமாவது போய்ச் சொல்கிறோமா, அப்படித்தான் இதுவும்.

“ஆறுனா இறுகி அடைச்சிக்குது, சூடானா இளகிப் பிரிஞ்சிக்குது” என்றான் தர்மேந்திரன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. நானும் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்ற வருத்தம் அவன் குரலில் இருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டான். “அக்கா, கையில ஒட்டுன பால எதுலக்கா கழுவுவீங்க?”

பெட்ரோலில்தான். ரப்பர்ப் பால் ஒட்டிக் காய்ந்த கையைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் கரைந்து வந்துவிடும் என்று தோட்டத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷமாகத் தினம் துடைக்கிறாள். பெட்ரோல் ஓடுகிற குழாய் மூட்டில் கொண்டுபோய் அதையே அப்பியிருக்கிறாள்.

டோரின் அங்கிருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பழியை வேறு எதன் மேலும் போட வழியில்லை. உப்புக் கம்பெனி இல்லை, சாமியார் இல்லை, அடுப்பு இல்லை. ரோட்டில் கிடந்த மனுஷனைப் பார்த்துக் கையில் உசுரில்லையா என்று கேட்ட வாய் அவளுடையது, பால் தடவிய விரலும் அவளுடையது. அழுகை வந்தது, வேர்வையோடு சேர்த்துத் துடைத்தாள்.

தர்மேந்திரன் மூட்டைக் கழற்றி, கரைந்த பாலையெல்லாம் பெட்ரோலில் கழுவி, குழாயின் முகத்தைக் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கி, காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கட் புதிதாக வைத்து இறுக்கினான். அப்புறம் அவனே ஓட்டிக்கொண்டு போய் சுவாவை நாலு சுற்றுச் சுற்றிக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“புடிங்க அக்கா.”

பிடித்தாள். “இப்ப கைய எடுங்க” என்றான். அவளால் எடுக்க முடியவில்லை. மூன்று மாதப் பழக்கம். அவனே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டான். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. காற்றில் நின்ற அவள் கை மட்டும் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தது.

“யாராச்சும் கேட்டா கேஸ்கட் போயிடிச்சின்னு சொல்லுங்க அக்கா. பொய்யில்ல, போயித்தான் இருந்திச்சி” என்றான். “நானும் அப்பிடியே சொல்லிக்கிறேன்.”

“ஒன்னய ஆளுங்க முன்னாடி பேசிட்டேன்” என்றாள் டோரின். அவளுக்கு அதுவே பெரிய விஷயம். அவன் பரவாயில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை பத்தே கால். டோரின் குளித்துவிட்டுத் தலையைக்கூடத் துவட்டாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு செம்பனைக்குள் அரை மணி நேரம் சுற்றினாள். மயிலம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டே, இவளுக்கு என்ன பைத்தியமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு கொண்டுவந்து வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அணைக்காமல் இறங்கினாள். கையை எடுத்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சந்தியாகு வாசற்படியில் கைலியோடு உட்கார்ந்திருந்தார். சட்டை போடவில்லை. கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன, முகமும் உப்பியிருந்தது. மோட்டாரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“நல்லா ஓடுது.”

“ம்.”

“என்னாவாம்?”

“கேஸ்கட்டு.”

“ஓ” என்றார். அவ்வளவுதான். செம்பனைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நல்லதாப் போச்சு. ஒனக்குப் பால் வெட்டப் போவ ஒதவும்.”

“கெளம்புங்க, நேரமாச்சு.”

“இல்ல டோரி. மோட்டாரச் செஞ்சிட்ட. என்னயச் செய்ய முடியாதுல்ல. அன்னக்கி நான் ஒழுங்காப் புடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டேன். நீ சொன்னது சரிதான், கையில உசுரு இல்ல. இன்னொரு நாளு ஒன்னயும் சேத்து இழுத்துக்கிட்டு லாரிக்கடியில போயிடுவேன். என் ஒருத்தனோட போவட்டும்.”

டோரின் நின்றுகொண்டே இருந்தாள். கேஸ்கட் என்ற வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது, மானம் போகாமல் காப்பாற்றியது. ஆனால் இந்த மனுஷன் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதையே காரணமாக வைத்து உட்கார்ந்த இடத்திலேயே சாகத் தயாராகிவிட்டாரே.

“கேஸ்கட்டு மட்டும் இல்ல” என்றாள்.

அவர் திரும்பவில்லை.

“பாலு வச்சேன். குருத்தோலைக்கி மொத நாளு. அந்த மூட்டுல ஒழுகிச்சி, பால எடுத்துத் தடவிட்டேன். பெட்ரோல்ல கரைஞ்சி, சூட்டுல இளகி, மூனு மாசமா காத்து இழுத்திருக்கு. நான் வச்ச பாலுதான் வண்டிய நிப்பாட்டிச்சி. வண்டி நின்னதால ஒங்க கைய நான் விட்டேன். நீங்க விடல. நீங்க புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தீங்க. நாந்தான் விட்டேன்.”

“எம்மேலதான் தப்பு” என்றாள். பக்கத்து வீட்டில் மயிலம்மாள் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அந்த லயத்தில் விழுந்ததே இல்லை.

சந்தியாகு இப்போது திரும்பினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் ரவிக்கை முதுகு நனைந்திருந்தது. வீங்கிய மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டோரின் உள்ளே போய் அவர் சட்டையையும் சப்பாத்தையும் எடுத்துவந்தாள். சட்டையைத் தோளில் போட்டாள், அவர் தட்டிவிடவில்லை. கீழ்ப்படியில், அவர் காலடியில், மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவருக்குக் குனிந்து சப்பாத்துப் போட முடிவதில்லை, வயிறு இடிக்கும். நாடாவை முழுக்கத் தளர்த்தி, வாயை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கூப்பிடவில்லை. இரண்டு கையும் சப்பாத்தில் இருந்தன.

வீங்கிய வலது கால் படியை விட்டு மெதுவாக எழும்பி வந்து உள்ளே நுழைந்தது. நாடாவைக் கட்டினாள். இரண்டாவது சப்பாத்தை அவள் கையில் எடுப்பதற்குள், சந்தியாகு இடது காலையும் நீட்டிவிட்டார்.